வீட்டுக்குள் இருக்கட்டுமே என்கிறீர்கள்

கேள்வி: டிசம்பர் இதழில், சென்னையில் ஒரே வீட்டில் இணைந்து வாழும் இரண்டு ஆண்கள் கிறிஸ்துமஸுக்குத் தயாராவதைப் பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். அவர்கள் எப்படி வாழ்ந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை, சட்டமே அனுமதித்துவிட்டது. ஆனால் அது அவர்களுடைய வீட்டுக்குள் இருக்கட்டுமே? குடும்பங்கள் கூடிக் கொண்டாடும் புனிதமான காலத்தில், பலகாரம் சுடுவதையும் ஸ்டார் கட்டுவதையும் எழுதி, அவர்களையும் ஒரு குடும்பமாகக் காட்டுவது எதற்கு? அவ்வளவு நியாயம் இருந்தால் பெயரைப் போட்டிருக்கலாமே?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: வீட்டுக்குள் இருக்கட்டும் என்பதை மற்ற மாதங்களுக்கு வேண்டுமானால் பேசிப் பார்க்கலாம். டிசம்பரில் அது நடக்காத காரியம் என்பது மார்த்தாண்டத்தில் இருக்கும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். முதல் வாரத்திலேயே வாசலில் ஸ்டார் ஏறிவிடுகிறது. அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தட்டு போகிறது. ஊரெல்லாம் உறங்கிய பிறகு, வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாடல் பாடி வரும் கீத பவனிக்காரர்கள் வந்து கதவைத் தட்டுகிறார்கள். உடன் வரும் போதகர், வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டு, ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி ஜெபிக்கிறார். எந்த வீட்டையும் பூட்டியிருக்க விடாத பண்டிகை இது. கதவைத் திறக்கும்போது, உடன் இருப்பவரை யாரென்று சொல்வது என்பதை அவ்விருவரும் ஆண்டுதோறும் புதிதாக முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. நாங்கள் வெளியிட்ட கட்டுரை அதைப் பற்றியதுதான்.

அதில் நாங்கள் காட்டியவை எவை என்று நினைத்துப் பாருங்கள். ஒருவர் உங்கள் மாவட்டத்துக்காரர், சி.எஸ்.ஐ. என்னும் தென்னிந்தியத் திருச்சபையில் வளர்ந்தவர், சிறுபயறை வறுத்து, வெல்லப்பாகும் தேங்காயும் சேர்த்து, தன் அம்மாவின் பக்குவத்தில் முந்திரிக்கொத்து சுடுகிறார். மற்றவர் தூத்துக்குடிக் கத்தோலிக்கர். அவருக்கு, இயேசு பிறந்த காட்சியைப் பொம்மைகளால் காட்டும் குடில் இல்லாத வீடு கிறிஸ்துமஸ் வீடே அல்ல. நள்ளிரவுத் திருப்பலி சிறந்ததா, அதிகாலை ஆராதனை சிறந்ததா என்று இருவருக்கும் விவாதம் நடக்கிறது. எண்ணெய் விலையைப் பற்றிப் பேச்சு வருகிறது. போன வருடத்து சீரியல் விளக்கில் பாதி எரியாததால் ஒருவர் ஸ்டூலின்மேல் ஏறி நிற்க, மற்றவர் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். இவற்றில் உங்களைப் புண்படுத்தியது எது என்று நான் மெய்யாகவே தேடிப் பார்த்தேன். உங்கள் வீட்டிலும் நடக்கிற காரியங்களாக இவை இருப்பதுதான் உங்களைத் தொந்தரவு செய்கிறது என்று எண்ணுகிறேன்.

அந்தக் கட்டுரையில் நீங்கள் குறிப்பிடாமல் விட்ட ஒரு பகுதி உண்டு. அதைத்தான் நான் முதலில் படிக்கச் சொல்வேன். சென்ற ஆண்டு பவனி வந்த குழுவினர் இருவர் பெயரையும் கேட்டுக்கொண்டு, அறையைப் பகிர்ந்து வாழும் நண்பர்கள் என்று நம்பி, 'இந்தச் சகோதரர்கள் இருவருக்கும் வரும் ஆண்டில் ஏற்ற துணையைத் தாரும் ஆண்டவரே' என்று உருக்கமாக ஜெபித்தார்கள். இருவரும் கண்களை மூடிக்கொண்டு ஆமென் சொன்னார்கள். ஜெபித்தவர்களின் அன்பில் குறையில்லை; வந்தவர்களுக்குக் கேக் கொடுத்து அனுப்பியவர்களின் மரியாதையிலும் குறையில்லை. ஆனாலும் தன் துணை பக்கத்திலேயே முழந்தாளிட்டிருக்கும்போது, தனக்கு ஒரு துணை கிடைக்க வேண்டும் என்ற வேண்டுதலுக்கு ஆமென் சொல்ல வேண்டிய நிலையில் உங்களை ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். அந்த வீட்டில் இரண்டாவது அறையில் ஒரு கட்டில் போட்டிருக்கிறார்கள். அதில் யாரும் படுப்பதில்லை. வருபவர்களின் கண்ணில் படுவதற்காகப் போட்டது அது. ஊரிலிருந்து பெற்றோர் வரும் நாள்களில் சுவரிலிருந்து சில படங்களும் இறங்குகின்றன.

குடும்பங்கள் கூடும் காலம் என்று எழுதியிருக்கிறீர்கள். டிசம்பர் 24 அன்று இவர்கள் பிரிகிறார்கள் என்பது அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது. கிளாம்பாக்கத்தில் ஒருவர் நாகர்கோவில் பேருந்திலும் மற்றவர் தூத்துக்குடிப் பேருந்திலும் ஏறுகிறார்கள்; இருவருக்கும் வீட்டில் அம்மா காத்திருக்கிறார், இருவருக்கும் பெண் பார்த்துவைத்த பேச்சும் காத்திருக்கிறது. ஆகவே தங்கள் கிறிஸ்துமஸை அதற்கு முந்தைய ஞாயிறன்றே சமைத்து, சாப்பிட்டு, பரிசு கொடுத்து முடித்துவிடுகிறார்கள். புனித நாளில் எல்லோரையும் ஒன்றுசேர்க்கும் குடும்பம் என்னும் ஏற்பாடுதான், சேர்ந்து வாழும் இந்த இருவரை அதே நாளில் பிரித்து வைக்கிறது.

சட்டம் அனுமதித்துவிட்டது என்ற உங்கள் கூற்றையும் சற்றுத் திருத்த வேண்டும். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயது வந்தவர்கள் மனமொத்துத் தனிமையில் கொள்ளும் தன்பாலின உறவை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவிலிருந்து விலக்கியது. அதாவது, அவர்களைக் குற்றவாளிகள் என்று சொல்வதை நிறுத்தியது. அவர்களைக் குடும்பம் என்று சொல்லவில்லை. திருமண உரிமை கோரிய வழக்கில் 2023 அக்டோபர் 17 அன்று வந்த தீர்ப்பு, அந்த உரிமையை வழங்க மறுத்து, நாடாளுமன்றத்தைக் கைகாட்டியது. அதற்குப் பிறகு நகர்ந்தவை சிறிய காரியங்கள், ஆனால் ஒரு வீட்டை நடத்துகிறவனுக்கு அவை சிறியவை அல்ல: ஒரே குடும்ப அட்டையில் இணையரைச் சேர்ப்பதற்குத் தடை கூடாது என்றும், கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கலாம், கணக்கில் ஒருவர் மற்றவரை நியமனதாரராக (நாமினி) குறிப்பிடலாம் என்றும் மத்திய அரசு 2024இல் தெளிவுபடுத்தியது. நம் சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதம், திருமணம் மட்டுமே குடும்பம் அமைப்பதற்கான ஒரே வழியல்ல என்று எழுதியது. இதே நீதிமன்றத்தின் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், 2021இல் ஒரு தன்பாலின இணையரின் வழக்கை விசாரித்தபோது, தனக்கு இதைப் பற்றிப் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டறிந்த பிறகே தீர்ப்பு எழுதினார். உயர்ந்த இருக்கையில் இருந்த ஒருவர் அவ்வளவு தூரம் இறங்கிவந்தார். நீங்களும் நானும் ஒரு கட்டுரையையாவது கடைசி வரை படிக்கலாம்.

திருச்சபையின் நிலைப்பாட்டை நான் மறைத்துப் பேசப்போவதில்லை. கத்தோலிக்கத் திருச்சபை தன்பாலின உறவை இன்றும் ஏற்கவில்லை. ஆனால் அதே திருச்சபையின் மறைக்கல்வி நூல், தன்பாலீர்ப்பு உள்ளவர்களை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும் என்றும், நியாயமற்ற பாகுபாட்டின் சாயலும் இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. 2023 டிசம்பர் 18 அன்று, சரியாகக் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பு, திருத்தந்தை பிரான்சிஸின் ஒப்புதலோடு வத்திக்கான் வெளியிட்ட அறிக்கை, வழிபாட்டுச் சடங்காக இல்லாமல், திருமணம் என்ற தோற்றம் வராமல், அத்தகைய இணையருக்கு ஒரு குரு ஆசி வழங்கலாம் என்று அனுமதித்தது. அதை எதிர்த்த ஆயர்களும் உண்டு. திருவருகைக் காலத்தில் வாசிக்கப்படும் மத்தேயு முதல் அதிகாரத்தில், தனக்கு நிச்சயிக்கப்பட்ட பெண் கருவுற்றிருப்பதை அறிந்த யோசேப்பு அவளை ஊரார்முன் அவமானப்படுத்த மனமில்லாமல் இருந்தார் என்று வருகிறது. அவரை நீதிமான் என்று அந்த வசனம் அழைப்பதும் அந்த இடத்தில்தான்.

கடைசியாகப் பெயர். இருவரும் தங்கள் பெயரை வெளியிடச் சம்மதித்தே எங்களோடு பேசினார்கள்; வேண்டாம் என்று தீர்மானித்தது ஆசிரியர் குழு. அவர்களுடைய வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்கானது, ஜனவரியில் முடிகிறது. இதற்கு முன் இருந்த வீட்டில், மாடியில் குடியிருந்தவர் எதையோ ஊகித்து உரிமையாளரிடம் சொன்ன மறுவாரமே, மகனுக்கு வீடு வேண்டும் என்று காரணம் சொல்லிக் காலி செய்ய வைத்தார்கள்; அந்த வீடு அதற்குப் பிறகு நெடுநாள் பூட்டிக் கிடந்தது. பெயரைப் போடாதது நியாயம் இல்லாததால் அல்ல, ஐயா. ஜனவரியில் அவர்களுக்கு ஒரு வீடு இருக்க வேண்டும் என்பதால்.