செல்ஃப் எடுக்காத கார்: ‘டிக் டிக்’ ஒரு கோளாறு, ‘டக்’ வேறு கோளாறு

கேள்வி: காலையில் சாவியைத் திருப்பினால் ‘டிக் டிக் டிக்’ என்று விடாமல் சத்தம் வருகிறது. இன்ஜின் சுற்றவில்லை. டேஷ்போர்டு விளக்குகள் எல்லாம் எரிகின்றன, ஆகவே பேட்டரி நன்றாகத்தான் இருக்க வேண்டும். செல்ஃப் மோட்டாரை மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு மோட்டாரில் கை வைக்காதீர்கள். டேஷ்போர்டு விளக்குகளுக்குச் சில ஆம்பியரே போதும். செல்ஃப் மோட்டார் 100 முதல் 200 ஆம்பியர் வரை இழுக்கும். டீசல் வண்டியில் அதற்கும் மேலே போகும். விளக்கு எரிவதை வைத்துப் பேட்டரியை நல்லது என்று சொல்ல முடியாது.

அந்தச் சத்தம் மோட்டாரின் மேல் இருக்கும் சாலினாய்டு என்ற மின்காந்த சுவிட்சிலிருந்து வருகிறது. சாவியைத் திருப்பியதும் அது இழுத்து கான்டாக்டை மூடுகிறது. மோட்டாருக்குக் கரன்ட் பாய்ந்த கணமே வலுவில்லாத பேட்டரியின் வோல்டேஜ் சரிகிறது. சாலினாய்டைப் பிடித்து வைக்கக்கூடப் போதாமல் அது விட்டுவிடுகிறது. சுமை போனதும் வோல்டேஜ் ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது. அதாவது சாலினாய்டு வேலை செய்கிறது, கரன்ட்தான் போதவில்லை. கோளாறு பேட்டரியில், அல்லது அதன் இணைப்பில்.

முதலில் பேட்டரி முனையில் (டெர்மினல்) கேபிளைப் பிடித்திருக்கும் கிளாம்பைக் கையால் திருகிப் பாருங்கள். அசைந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவில் வைத்த ஸ்பேனர் பாடியில் பட்டால் ஷார்ட் ஆகும். அதற்காகத்தான் இந்த வரிசை. ஒரு கப் நீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து ஊற்றினால் பூத்தது கரையும். அந்த நீர் பேட்டரி மூடிகளின் துளைக்குள் போகக் கூடாது. பிறகு டெர்மினலின் வெளிப்புறத்தையும் கிளாம்பின் உட்புறத்தையும் கம்பி பிரஷ்ஷால் ஈயம் பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். இறுக்கிய பிறகே மேலே வாசலைன் தடவ வேண்டும்.

அப்படியும் ‘டிக் டிக்’ என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், நல்ல மோட்டார்கள் வீணாக மாற்றப்படுவதும் இங்கேதான். மீட்டரை டெர்மினலில் வைத்தபடியே இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. நிற்கும்போது 12.5 காட்டிய பேட்டரி சுற்றும்போது 7-க்கு விழுந்தால், உள்ளே செல் போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும். நிற்கும்போதே குறைவாக இருந்தால் முதலில் சார்ஜரில் போட்டு, பிறகு இதே சோதனையைச் செய்யுங்கள். 45 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 4.5 ஆம்பியர் அளவில் ஓர் இரவு.

கேள்வி: எனக்கு ஒரே ஒரு ‘டக்’ மட்டும்தான். பேட்டரி புதிது, 12.6 காட்டுகிறது.

பதில்: ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் அப்படியே நின்றால் மோட்டாருக்குள் கரன்ட் போகவில்லை. நன்றாக மங்கினால் கரன்ட் போகிறது, ஆனால் மோட்டார் சுற்ற முடியாமல் இறுகி நிற்கிறது. இரண்டும் இல்லாமல் லேசாக மங்கினால் கேபிள்மீது சந்தேகப்படலாம்.

கேபிளைக் கண்ணால் பார்த்து நல்லது என்று சொல்ல முடியாது. 0.01 ஓம் தடை இருந்தாலே 200 ஆம்பியர் பாயும்போது 2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். அவ்வளவு சிறிய தடையைச் சாதாரண மீட்டரின் ஓம் அளவீடு காட்டாது. ஓடும் கரன்ட்டில்தான் அளக்க வேண்டும். ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் டெர்மினலிலும் (கிளாம்பில் அல்ல, ஈயத்தில்) இன்னொன்றைச் செல்ஃப் மோட்டாரின் தடித்த கேபிள் வரும் போல்ட்டிலும் வைத்துச் சாவியைத் திருப்புங்கள். 0.5 வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பக்கம் கோளாறு. அடுத்து நெகட்டிவ் டெர்மினலுக்கும் இன்ஜினின் வெற்று உலோகத்துக்கும் இடையே: 0.3-ஐத் தாண்டினால் கோளாறு எர்த் கேபிளில், அதாவது நெகட்டிவ் பக்க இணைப்பில். இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. துருப்பிடிப்பது பெரும்பாலும் அதுதான்.

கேபிள்கள் சரி என்றால், சாலினாய்டிலிருந்து மோட்டாருக்குள் போகும் குட்டை இணைப்பில் அளங்கள். ‘டக்’ சத்தம் வந்தும் அங்கே வோல்டேஜ் இல்லையென்றால் சாலினாய்டு கான்டாக்ட் கருகியிருக்கிறது. வோல்டேஜ் வந்தும் மோட்டார் அசையவில்லை, ஹெட்லைட்டும் மங்கவில்லை என்றால் பெரும்பாலும் மோட்டாரின் சுழலும் பகுதிக்குக் கரன்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். மோட்டார் உடலில் லேசாகத் தட்டினால் ஓரிரு முறை கிளம்பலாம். அது வீடு போய்ச் சேர மட்டும். பல மோட்டார்களில் பிரஷ், கான்டாக்ட் மட்டும் மாற்றலாம். முழு மோட்டாரும் வேண்டும் என்று சொல்லப்பட்டால் இதைக் கேளுங்கள்.

இந்தச் சோதனைகளில் கியர் நியூட்ரலில், ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில், கைபிரேக் போட்டபடி இருக்கட்டும். ஒரு முறைக்கு 10 விநாடிக்கு மேல் திருப்பாதீர்கள்; மோட்டார் ஆற ஒரு நிமிடம் விடுங்கள்.

கேள்வி: தேங்கிய நீரில் ஓட்டியபோது வண்டி நின்றது. இப்போது ‘டக்’ என்று முட்டி நிற்கிறது.

பதில்: இனி ஒரு முறைகூடச் சாவியைத் திருப்பாதீர்கள். சிலிண்டருக்குள் நீர் போயிருக்கலாம். நீர் அமுங்காது, கட்டாயப்படுத்தினால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். தள்ளியும் கிளப்பாதீர்கள். ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பார்க் பிளக்குகளை (டீசலில் இன்ஜெக்டர் அல்லது குளோ பிளக்கை) கழற்றி, கிராங்க் புல்லியைக் கையால் சுற்றி நீரை வெளியேற்றிய பிறகே மற்றதெல்லாம்.

கேள்வி: ஜம்ப் கேபிளை எந்த வரிசையில் மாட்டுவது?

பதில்: சிவப்பை முதலில் காலியான பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனையை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கருப்பை நல்ல பேட்டரியின் நெகட்டிவில். அதன் மறுமுனையைக் காலியான வண்டியின் பேட்டரியில் மாட்டாமல், தள்ளி இருக்கும் இன்ஜின் உலோகத்தில். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளிவரும், கடைசி இணைப்பில் பொறி பறக்கும். இரண்டும் அருகருகே இருக்கக் கூடாது. நல்ல வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பிறகு சாவியைத் திருப்புங்கள். கழற்றுவது இதே வரிசையின் தலைகீழ். கிளம்பிய பிறகு டெர்மினலில் பொதுவாக 13.8 முதல் 14.7 வோல்ட் வரும், 12.5-லேயே நின்றால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் பாருங்கள்.