குஞ்சின் கால்கள் இரு பக்கமும் விரிந்துபோனால்

கேள்வி: பொரித்து மூன்று நாளான கோழிக்குஞ்சுகளில் ஒன்று மட்டும் எழுந்து நிற்கவில்லை. இரண்டு கால்களும் பக்கத்துக்கு ஒன்றாகச் சறுக்கிக்கொண்டு போகின்றன. பெட்டியில் செய்தித்தாள் விரித்திருக்கிறேன். காப்பாற்ற முடியுமா?

பதில்: முடியும், ஆனால் இன்றே தொடங்குங்கள். முதல் சில நாட்களில் எலும்பும் மூட்டும் இளசாக இருப்பதால் கால் சொன்னபடி திரும்பும். ஒரு வாரம் தாண்டிவிட்டால் கோணல் நிலைத்துவிடும். பெரும்பாலும் குற்றவாளி அந்தச் செய்தித்தாள்தான். வழவழப்பில் நகம் பிடிக்காமல் தொடை விரிந்துபோகிறது. முட்டை பொரிக்கும் அடைப்பெட்டியில் சூடு கூடியிருந்தாலும் இப்படிக் குஞ்சு பொரியும்.

இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டுவதுதான் வைத்தியம். கட்டுவதற்கு முன் குஞ்சை உள்ளங்கையில் மல்லாத்தி, இரண்டு கணுக்கால் மூட்டுகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று வீங்கித் தட்டையாக, பின்பக்கத்துத் தசைநார் பள்ளத்தைவிட்டு ஓரமாக நழுவிக் கிடந்தால் அது வேறு கோளாறு. கட்டுப்போட்டால் சரியாகாது, மருத்துவரிடம்தான் காட்ட வேண்டும். மூட்டு இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் தைரியமாகக் கட்டலாம்.

ஒட்டும் பிளாஸ்திரியில் 8 மி.மீ. அகலம், 10 செ.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். கணுக்கால் மூட்டுக்குக் கீழே, பாதத்துக்குச் சற்று மேலே ஒரு காலைச் சுற்றி, நடுவில் 2 முதல் 2.5 செ.மீ. இடைவெளி விட்டு, மறுகாலைச் சுற்றி ஒட்டுங்கள். பாதங்கள் இடுப்புக்கு நேர் கீழே வர வேண்டும். நெருக்கிக் கட்டினால் குஞ்சு கவிழும், தளர்த்தினால் பயனில்லை. நடுப்பகுதியின் பசையில் தூசி ஒட்டாதபடி இன்னொரு துண்டை எதிர்ப்புறமாக ஒட்டிவிடுங்கள். நூல், ரப்பர் பேண்டு வேண்டவே வேண்டாம். சதையை அறுத்து ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். காலையும் மாலையும் பாதத்தைத் தொட்டுப் பாருங்கள்: சில்லிட்டோ கருத்தோ இருந்தால் உடனே அவிழுங்கள்.

முதலில் தடுமாறி விழும், பயப்பட வேண்டாம். இரண்டு நாள் கழித்து அவிழ்த்து நிற்கவைத்துப் பாருங்கள். இன்னும் விரிந்தால் புதுக் கட்டு. பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நாளில் நடந்துவிடும். பசை பிடித்திருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் தோல் உரியாமல் வரும்.

கட்டுப்போடுவதைவிட இந்த நாட்களில் கவனிக்க வேண்டியது தாகம். வயிற்றுக்குள் இருக்கும் மஞ்சள் கரு சுமார் மூன்று நாள்தான் தாங்கும். உங்கள் குஞ்சுக்கு அந்தக் கெடு இப்போதே முடிகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அலகு நுனியைத் தண்ணீரில் தொட்டுக் காட்டுங்கள், மூக்குத் துளை நனையக் கூடாது. தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போடுங்கள், இல்லையென்றால் விழுந்து மூழ்கிவிடும். உட்கார்ந்தே கிடப்பதால் ஆசனவாயில் எச்சம் காய்ந்து அடைக்கும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். மற்றவை கொத்தாமல் கம்பிவலைத் தடுப்புக்கு அப்பால், ஆனால் கண்ணில் படும்படி வையுங்கள். வெப்பம் 32–35 டிகிரி செல்சியஸ்.

செய்தித்தாளை எடுத்துவிட்டு இப்போதே சொரசொரப்பான துணியோ சாக்கோ விரியுங்கள், எல்லாக் குஞ்சுகளுக்கும்தான்.

கால் விரியாமல் விரல்கள் மட்டும் உள்ளே சுருண்டிருந்தால் அது ரிபோபிளேவின் (வைட்டமின் பி2) குறைபாடாக இருக்கலாம். அப்போது பி காம்ப்ளெக்ஸ் சொட்டு மருந்தை அளவு கேட்டுக் கொடுத்து, குஞ்சுத் தீவனத்துக்கு மாற்றுங்கள். வெறும் தானியத்தில் அந்தச் சத்து போதாது. நன்றாக ஓடிய குஞ்சு சில வாரம் கழித்து ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிப் படுத்தால் மேரக்ஸ் என்ற வைரஸ் நோயைச் சந்தேகியுங்கள். அதற்குச் சிகிச்சை கிடையாது. பொரித்த முதல் நாள் தடுப்பூசிதான் வழி.