மஞ்சள் பூவைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: சுமார் 3,800 மீட்டர் உயரத்தில், விரல் நீளமே இருந்த ஒரு செடியைப் படம் எடுத்தேன். ஐந்து இதழ் மஞ்சள் பூ. மூன்று பிரிவான, பல் விளிம்பு உள்ள இலை. கைபேசிச் செயலி ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பெயர் சொல்கிறது. உயர்மலைச் செடிகளை நானே இனம் காண எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: செயலியை முழுக்கக் குறை சொல்ல முடியாது. மேலிருந்து எடுத்த படத்தில் உங்கள் பூவும் அதற்குச் சம்பந்தமே இல்லாத நாலைந்து பேரினங்களின் பூக்களும் ஒரே மாதிரிதான் தெரியும். மலை உச்சியில் குளிரும் காற்றும் எல்லாச் செடியையும் ஒரே அச்சில் குறுக்கிவிடுகின்றன. கீழே முழங்கால் உயரம் வளரும் இனம் அங்கே ஐந்து சென்டிமீட்டரில் பூத்து நிற்கும். அதனால் உயரம், பருமன், பொதுத் தோற்றம் மூன்றையும் கணக்கில் எடுக்காதீர்கள். பூவின் உறுப்புகளும் இலை அமைவும் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. பத்து மடங்கு பெருக்கும் சிறு கைலென்ஸ் ஒன்று இருந்தால் போதும்.

உங்கள் மஞ்சள் பூவுக்கு முதல் வேலை, மகரந்தத்தாள்களை எண்ணுவது. சரியாகப் பத்து இருந்து, நடுவில் இரண்டு சூல்தண்டுகள் (சூலகத்தின் மேல் நீளும் தண்டுகள்) கொம்புபோல் பிரிந்து நின்றால் அது சாக்ஸிஃப்ராகா. எண்ணி மாளாத அளவு இருந்தால் பூவைத் திருப்புங்கள். ஐந்து பச்சைப் புல்லி இதழ்களும், அவற்றின் இடைவெளிகளில் இன்னும் ஐந்து சிறு பச்சை மடல்களும் தெரிந்தால் ரோஜாக் குடும்பம், பெரும்பாலும் பொட்டென்டில்லா. அந்தக் கூடுதல் ஐந்துக்குப் புறப்புல்லி வட்டம் என்று பெயர். வெறும் ஐந்து மட்டும் இருந்து, இதழ் எண்ணெய் தடவியதுபோல் பளபளத்து, ஒவ்வோர் இதழின் அடியிலும் குட்டித் தேன்பை இருந்தால் ரனன்குலஸ். பச்சைப் புல்லியே இல்லாமல் மஞ்சள் மடல்கள் மட்டும் இருந்து, இலை வட்டமாக, ஓடையோரச் சேற்றில் வளர்ந்திருந்தால் கால்தா.

மூன்று பிரிவான இலை பொட்டென்டில்லாவிலும் உண்டு, ரனன்குலஸிலும் உண்டு. காம்பு தண்டோடு சேரும் இடத்தில் இலையடிச் செதில் ஒரு ஜோடி இருந்தால் பொட்டென்டில்லா பக்கம் சாயலாம். ரனன்குலஸில் காம்பின் அடி உறைபோல் அகன்றிருக்குமே தவிர, தனிச் செதில் இருக்காது.

அடுத்து எல்லோரையும் ஏமாற்றுவது மெத்தைச் செடிகள். பாறைமேல் பாசித் திட்டுபோல் உருண்டு கிடக்கும் இளஞ்சிவப்புப் பூ மெத்தையைப் பார்த்ததும் சைலீன் அகாலிஸ் என்று எழுதிவிடுகிறார்கள். ஓர் இதழை மெல்ல இழுத்துப் பாருங்கள். தனியாக வந்து, நடுவில் மூன்று சூல்தண்டும் இருந்தால் சைலீன்தான். இதழ்கள் அடியில் குழலாக ஒட்டியிருந்து, குழல் வாயில் சிறு வளையம் தெரிந்து, சூல்தண்டு ஒன்றே என்றால் ஆண்ட்ரோசேஸ். வெளித்தோற்றத்தில் இரட்டைப் பிறவிகள், குடும்பமே வேறு.

வெள்ளையாகத் தெரிவதெல்லாம் இதழும் அல்ல. எடல்வைஸ் என்ற மலைச்செடியின் வெண்பஞ்சு நட்சத்திரம் பூவடி இலைகள்தான், அதாவது பூக்களுக்கு அடியில் வரும் இலைகள். உண்மையான பூக்கள் நடுவிலுள்ள மஞ்சள் பொட்டுகளுக்குள் நெருங்கி இருக்கின்றன. இமயமலையின் பிரம்மகமலத்திலும் வெளிர் படகுபோல் தெரிபவை பூவடிச் செதில்களே. உள்ளே இருக்கும் ஊதாத் தலைகளைப் பார்த்தால்தான் அது சூரியகாந்திக் குடும்பம் என்பது புரியும்.

ஜென்ஷியானா என்ற மலைப்பூப் பேரினத்தில் இன்னொரு சிக்கல்: மேகம் மூடினால் பல இனங்களின் பூவும் மூடிக்கொள்ளும். வெயிலில் விரிந்த பூவில் மடல்களுக்கு இடையே சிறு மடிப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் ஜென்ஷியானா. மடிப்பு இல்லாமல் தொண்டையில் மயிர் விளிம்பு இருந்தால் அதன் உறவுப் பேரினமான ஜென்ஷியனெல்லாவாக இருக்கக்கூடும்.

இலை அமைவைப் பார்க்கத் தவறினால் உயிருக்கே ஆபத்து வரும் இடமும் உண்டு. ஐரோப்பிய மலைகளில் கசப்பு மருந்துக்காக மஞ்சள் ஜென்ஷியன் வேரைத் தோண்டுபவர்கள், பூக்காத காலத்தில் வெராட்ரம் என்ற நச்சுச் செடியைத் தோண்டி நஞ்சேறியது உண்டு. இரண்டிலும் பெரிய, நரம்போடிய இலைகள். ஜென்ஷியனில் அவை எதிரெதிராக இருக்கும், அடிப்புறம் வழுவழுப்பு. வெராட்ரத்தில் மாறிமாறி வரும், அடிப்புறம் மென்மயிர். அகோனிட்டமும் கடும் நஞ்சு. பூ இல்லாதபோது அதன் கைவிரல் இலை டெல்ஃபினியத்தைப் போலவே இருக்கும். டெல்ஃபினியமும் நஞ்சுதான். பெயர் உறுதியானாலும் வாயில் வைக்காதீர்கள்.

உயர அளவைக் குறிப்பது நல்லது. ஆனால் எண் மட்டும் அதிகம் சொல்லாது. மர எல்லை, அதாவது மரங்கள் வளரும் உச்ச உயரம், ஆல்ப்ஸில் 2,000 மீட்டரை ஒட்டி முடிந்துவிடும். கிழக்கு இமயத்தில் 4,000 மீட்டர் வரை போகும். எனவே ‘மர எல்லைக்கு மேலே, சரளைச் சரிவு’ என்றும் சேர்த்து எழுதுங்கள். பாறை வகை அதைவிட உதவும். ஆல்ப்ஸில் இலை விளிம்பில் மயிருள்ள ரோடோடென்ட்ரான் புதர் சுண்ணாம்புப் பாறையில் வளரும். இலையின் அடிப்புறம் துருநிறமாக உள்ள இனம் அமில மண்ணில் வளரும். பாறையைச் சுரண்டிய தூளில் வினிகர் விட்டால் நுரைக்கிறதா என்று பார்ப்பதே போதுமான சோதனை.

செடியைப் பறிக்க வேண்டாம்; பல இடங்களில் அது சட்டப்படி குற்றம், மெத்தைச் செடிகள் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆறு படம் எடுங்கள்: பூ மேலிருந்து, பக்கவாட்டில், பின்புறம், இலையின் மேற்புறம், அடிப்புறம், காம்பு தண்டோடு சேரும் இடம். ஏதாவது ஒன்றில் அளவுகோல் வையுங்கள்.

நீங்கள் அனுப்பிய படங்களில் பூவின் பின்புறமும் காம்பின் அடியும் இல்லை. இலையை மட்டும் வைத்து உறுதி சொல்ல முடியாது; இப்போதைக்குப் பொட்டென்டில்லா என்று பென்சிலில் எழுதலாம். சிற்றினப் பெயரை அந்த இரண்டு படங்கள் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.