புற்றுநோய் ஆய்வுக்கான தரவும் இழையமும்: வன்னி வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

புற்றுநோய் ஆய்வாளர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் தரவுத் தொகுப்புகள் பற்றியும் இழைய மாதிரிக் களஞ்சியங்கள் பற்றியும் எழுதியதற்குப் பிறகு நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. சிலவற்றை இங்கே எடுத்திருக்கிறேன். பெயர்களை நீக்கி ஊரை மட்டும் விட்டிருக்கிறேன். தங்கள் சிகிச்சை பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும். அதற்கு உங்களைக் கிளினிக்கில் பார்க்கும் வைத்தியர்தான் பதில் சொல்ல வேண்டும்.

நான் அறிவியல்நகரில் படிக்கிறேன். புற்றுநோய் ஆய்வு செய்ய ஆசை. கையில் இருப்பது ஒரு லப்டொப் மட்டும்தான். ஏதாவது செய்ய முடியுமா? (மாணவி, கிளிநொச்சி)

தாராளமாகச் செய்யலாம், தங்கச்சி. அமெரிக்காவில் 2006இல் தொடங்கிய ‘கான்சர் ஜீனோம் அட்லஸ்’ திட்டம் 33 வகைப் புற்றுநோய்களில் 11,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் கட்டிகளை மரபணு அளவில் ஆராய்ந்தது. அந்தத் தரவு 2016இலிருந்து ‘ஜீனோமிக் டேட்டா கொமன்ஸ்’ என்ற களஞ்சியத்தில் இருக்கிறது. எந்த மரபணு மாறியிருக்கிறது, எது கூடுதலாக வேலை செய்கிறது, நோயாளி எவ்வளவு காலம் வாழ்ந்தார் என்ற விவரங்களில் பெரும்பகுதியை எவரும் இலவசமாக இறக்கலாம். தனியாளை அடையாளம் காட்டிவிடக்கூடிய மூலக் கோப்புகளுக்குத்தான் அனுமதி வேண்டும், அதுவும் ஒரு நிறுவனத்தின் பெயரில். அவை உங்களுக்கு இப்போது தேவையில்லை. ஒருவரின் முழு மரபணுத்தொகுதிக் கோப்பே நூறு ஜி.பி.யைத் தாண்டும். உங்கள் டேட்டா பக்கேஜ் தாங்காது.

‘சி-பயோ-போர்ட்டல்’ என்ற தளத்தில் தொடங்குங்கள். ஒரு புற்றுநோயையும் ஒரு மரபணுவையும் தெரிவுசெய்தால் வரைபடத்தை அதுவே போட்டுக் காட்டும். கணினிப் படிப்பில் இருப்பவர்களுக்கு ‘கான்சர் இமேஜிங் ஆர்க்கைவ்’ இருக்கிறது. அடையாளம் நீக்கிய சி.ரி., எம்.ஆர்.ஐ. படங்கள் அங்கே கிடைக்கும். கேள்வி இல்லாமல் தரவை மட்டும் இறக்கிவைக்காதீர்கள். ஒரு கேள்வியைக் கடதாசியில் எழுதி, ஒரு நோயியல் நிபுணரிடமும் ஒரு புள்ளிவிவரக்காரரிடமும் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

எங்கட சனத்துக்கு வெற்றிலை, பாக்கு, புகையிலை போட்டுத்தான் வாயில புற்றுநோய் வருது. வெள்ளைக்காரரின்ர தரவில எங்கட கதை இருக்குமா? (ஆசிரியர், புதுக்குடியிருப்பு)

வந்த கேள்விகளில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது இதுதான், சேர்.

மேலே சொன்ன அமெரிக்கத் தொகுப்பில் பெரும்பாலானோர் ஐரோப்பிய வம்சாவளியினர். அதிலுள்ள தலை, கழுத்துப் புற்றுநோய்களுக்குப் பின்னால் முக்கியமாகப் புகைத்தல், மது, பப்பிலோமா வைரஸ் ஆகியவை இருக்கின்றன. புகைத்த கணக்கை அதில் பார்க்கலாம், பாக்குப் போட்ட கணக்கைத் தேடிப் பயனில்லை. புகையிலை சேர்க்காத வெற்றிலைச் சீவலும் புற்றுநோயை உண்டாக்கும், பாக்கே அதற்குப் போதும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இலேயே உறுதிப்படுத்திவிட்டது. இலங்கை ஆண்களிடையே வாய்ப்புற்றுநோய் நீண்டகாலமாக முன்னணியில் நிற்கிறது. அப்படியிருந்தும் அதை ஆராயப் போகிறவர் முதலில் திறக்கும் தரவு வேறொரு காரணத்தால் வந்த கட்டிகளின் தரவாகவே இருக்கிறது.

முழுக்க வெறுமை என்றும் சொல்லமாட்டேன். சர்வதேசப் புற்றுநோய் ஜீனோம் கூட்டமைப்பில் இந்தியா ஏற்றுக்கொண்ட பங்கே முரசு, கன்னப் பகுதிப் புற்றுநோய்தான். புகையிலையை வாயில் ஒதுக்குகிற இடம் அது. 2013இல் வெளிவந்த அந்த ஆய்வு, தலை, கழுத்துப் புற்றுநோய்களில் ஏற்கனவே தெரிந்திருந்த மரபணுக்களோடு இந்த வகைக்கென்று மேலும் 5 மரபணுக்களையும் காட்டியது. எங்களைப் போன்ற நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்திராவிட்டால் அந்த ஐந்தும் கண்ணில் பட்டிருக்காது.

இன்னொரு செய்தி பலருக்குத் தெரியாது. மனித மரபணு வேறுபாடுகளைப் பட்டியலிட்ட ‘ஆயிரம் ஜீனோம்’ திட்டம் 26 மக்கள் கூட்டங்களிலிருந்து 2,504 பேரைச் சேர்த்து 2015இல் முடிவுகளை வெளியிட்டது. அந்த 26இல் ஒன்று, பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர். 102 பேர். அவர்களின் தரவு எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. அவர்களின் கலங்கள் அமெரிக்காவில் கொரியெல் நிறுவனத்தில் உறைநிலையில் இருக்கின்றன, ஆய்வாளர் கேட்டுப் பெறலாம். இது நோயாளிகளின் தொகுப்பு அல்ல, ஆனால் பயன் பெரிது. மார்புப் புற்றுநோய் வந்த ஒரு பெண்ணின் மரபணுவில் விளங்காத ஒரு மாற்றம் தெரிகிறது என்று வையுங்கள். அந்த 102 பேரில் பலரிடமும் அதே மாற்றம் இருந்தால் அது பெரும்பாலும் நோய்க்குக் காரணமாக இருக்காது. அந்தப் பெண்ணின் சகோதரிகளை வீணாகப் பயப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் 102 பேர் என்றால் ஒவ்வொரு மரபணுவிலும் 204 பிரதிகள்தான். நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாக உள்ள மாற்றங்கள் அதில் தட்டுப்படாமலே போகலாம்.

ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2025இல் இந்திய மார்புப் புற்றுநோய் நோயாளிகளின் மரபணுத் தரவை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. சென்னை வரை வந்துவிட்டது. வன்னி நோயாளி இன்னும் எந்தத் தொகுப்பிலும் ஒரு வரியாகக்கூட இல்லாமல் இருப்பதை நாங்கள் ஏற்றுக்கொள்ளக்கூடாது.

அம்மாவுக்கு மார்பில் சத்திரசிகிச்சை. மிஞ்சும் இழையத்தை ஆய்வுக்கு எடுக்கலாமா என்று ஒரு படிவத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். அம்மா பயப்படுகிறா. வைக்கலாமா, டொக்டர்? (மகள், மாங்குளம்)

முதலில், பிள்ளை, கையெழுத்து அம்மாவுடையது. விளங்கிக்கொள்ளும் நிலையில் அவ இருந்தால் நீங்கள் அவவுக்காக முடிவெடுக்கக்கூடாது. மிஞ்சும் இழையம் என்றால் நோயை நிர்ணயிக்கத் தேவையானதெல்லாம் எடுத்த பிறகு மிஞ்சுவது. ஆய்வுக்கென்று கூடுதலாக வெட்டமாட்டார்கள். மாட்டேன் என்று சொன்னாலும் சிகிச்சையில் ஒரு குறையும் வரக்கூடாது, அது படிவத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

அம்மாவின் பயத்தைச் சிரித்துத் தள்ளாதீர்கள். 1951இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லக்ஸ் என்ற 31 வயதுக் கறுப்பினத் தாயின் கருப்பைக் கழுத்துக் கட்டியிலிருந்து அவரைக் கேட்காமலே கலங்கள் எடுத்தார்கள். அவர் அதே வருடம் இறந்துபோனார். கலங்கள் ‘ஹீலா’ என்ற பெயரில் உலகமெங்கும் வளர்ந்தன, போலியோ தடுப்பூசி ஆராய்ச்சிக்கும் உதவின. குடும்பத்துக்கு இருபது வருடங்களுக்கு மேல் ஒன்றுமே தெரியாது. 2013இல் அந்தக் கலங்களின் முழு மரபணு விவரத்தையும் குடும்பத்தைக் கேட்காமல் வெளியிட்டார்கள். எதிர்ப்பு வந்த பிறகுதான் அதைப் பார்க்க அனுமதி வேண்டும் என்ற ஏற்பாடும், அனுமதி கொடுக்கும் குழுவில் குடும்பத்தவருக்கு இடமும் வந்தன. இன்று உங்கள் அம்மாவிடம் படிவம் நீட்டப்படுவதற்கு இப்படியான அநியாயங்களும் ஒரு காரணம்.

ஆகவே கேளுங்கள். எந்த ஒழுக்கநெறிக் குழு அனுமதித்தது? மாதிரி எங்கே இருக்கும், நாட்டை விட்டுப் போகுமா? கொம்பனிகளுக்குக் கொடுப்பார்களா? அம்மாவின் மகள்மாருக்கு முக்கியமான ஏதாவது தெரியவந்தால் சொல்வார்களா? பின்னர் மனம் மாறினால் என்ன நடக்கும்? கடைசிக் கேள்விக்கு நேர்மையான பதில் இதுதான்: மிச்சமிருக்கும் இழையத்தை அழிக்கலாம், ஏற்கனவே பகிர்ந்த தரவைத் திருப்பி எடுக்க முடியாது. அப்படிச் சொல்லாமல் எல்லாவற்றையும் அழித்துவிடுவோம் என்று உறுதி சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் கையெழுத்து வைக்க வேண்டாம். தமிழில் கேளுங்கள். தமிழில் வந்து, கேள்விகளுக்குப் பதிலும் கிடைத்தால், என் சொந்தத் தாயாக இருந்தாலும் “வையுங்கோ அம்மா” என்றுதான் சொல்வேன்.

பெயரை எடுத்துவிட்டால் ஆளைக் கண்டுபிடிக்க முடியாது என்கிறார்கள். உண்மையா? (நெடுங்கேணி)

கொழும்பில் ஓரளவு உண்மை. எங்கள் ஊர்களில் இல்லை. வயது 34, பெண், கிராம சேவகர் பிரிவு இன்னது, அரிதான எலும்புப் புற்றுநோய் என்று நான்கு விவரம் வெளியே வந்தால் சந்தியில் நிற்பவரே பெயரைச் சொல்லிவிடுவார். கலியாணப் பேச்சு வரை அது போகும். அதனால் சிறிய சனத்தொகையின் தரவைப் பகிரும்போது வயதைப் பத்து வருடக் கட்டாகவும் இடத்தை மாவட்டமாகவும் மாற்றிக் கொடுக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நல விவரங்களை விசேட பாதுகாப்புக்குரியவை என்றே வகுத்திருக்கிறது.

எங்கள் வைத்தியசாலையில் ஆய்வுகூட வசதி இல்லை. பயொப்ஸியை வெளியே அனுப்புகிறோம். ஆய்வுக்கு எங்களால் என்ன பங்களிப்பு? (தாதிய உத்தியோகத்தர், முல்லைத்தீவு மாவட்டம்)

நீங்கள் செய்வதை வேறு எவராலும் திருத்த முடியாது. அதனால் உங்களுடையதுதான் பெரிய பங்கு.

இழையம் உடலை விட்டு வந்த நிமிடத்திலிருந்து பழுதாகத் தொடங்குகிறது, அதுவும் எங்கள் வெயிலில். மார்பு இழையம் என்றால் ஒரு மணித்தியாலத்துக்குள் போமலின் என்ற பதப்படுத்தும் திரவத்துக்குள் போகவேண்டும், 6 மணித்தியாலத்துக்குக் குறையாமலும் 72க்கு மேற்படாமலும் ஊறவேண்டும். ஹோர்மோன் ஏற்பிகளைப் பார்க்கும் பரிசோதனை பிழைக்காமல் இருக்க இந்தக் கணக்கு. இழையத்தின் அளவைப் போலப் பத்து மடங்கு போமலின் வேண்டும். பெரிய துண்டை முழுதாக அமிழ்த்தினால் நடுப்பகுதிக்குப் போமலின் போய்ச்சேர முதல் அது அழுகிவிடும். எங்கே, எப்படிக் கீறிவிடுவது என்று சத்திரசிகிச்சை நிபுணரிடமோ நோயியல் பிரிவிடமோ கேட்டுச் செய்விக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் நனைத்த கோஸில் சுற்றி அனுப்பவே கூடாது.

போத்தலைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாய் ஒடுங்கிய மருந்துப் போத்தலில் மெத்தென்ற இழையம் சுலபமாக உள்ளே போய்விடும். போமலினில் இறுகிய பிறகு வெளியே வராது. அதை நசுக்கி இழுத்தெடுக்கும்போது கலங்களும் சிதையும். அகன்ற வாய்ப் போத்தலே வேண்டும். லேபலை மூடியில் ஒட்டினால் இரண்டு போத்தல்கள் ஒன்றாகத் திறந்திருக்கும் நேரத்தில் மூடி மாறிவிடும், நோயாளியும் மாறிவிடுவார். லேபலைப் போத்தலின் உடம்பில் ஒட்டுங்கள், பென்சிலால் எழுதுங்கள். பேனா மை கரைந்துபோகும். இழையத்தை எடுத்த நேரம், போமலினில் போட்ட நேரம் இரண்டையும் எழுதுங்கள். இந்த இரண்டு வரியும் இருக்கிற இழையத்தைத்தான் பிற்காலத்தில் ஒரு ஆய்வாளர் நம்பி எடுப்பார்.

சரியாகப் பதப்படுத்தி மெழுகில் பதித்த புளொக் அறை வெப்பநிலையிலேயே பல பத்து வருடங்கள் இருக்கும். குளிர்ப்பெட்டி வேண்டாம், கரண்ட் வேண்டாம்.

படிவத்தில் முகவரிக்கும் கவனம் கொடுங்கள். தெல்லிப்பழையில் சிகிச்சைக்காக யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர் வீட்டில் தங்குபவர் அந்த முகவரியைக் கொடுத்தால் முல்லைத்தீவு நோயாளி யாழ்ப்பாணக் கணக்கில் போய்விடுவார். தேசிய புற்றுநோய்ப் பதிவேடு 1985இலிருந்து பெரும்பாலும் சிகிச்சை நிலையங்களின் பதிவுகளை வைத்தே நடந்துவருகிறது. முகவரி பிழைத்தால் மாவட்டக் கணக்கும் பிழைக்கும். நிரந்தர முகவரியைக் கேட்டெழுதுங்கள். வெற்றிலை போடுபவரா, புகையிலை சேர்த்தா, எத்தனை வருடம் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

மூலிகைச் சாற்றை வாய்ப்புற்றுநோய்க் கலங்களில் சோதிக்க நினைக்கிறேன். கே.பி. கலங்கள் கிடைக்கும் என்கிறார்கள். (ஆய்வு மாணவர், வவுனியா)

வேண்டாம், தம்பி. கே.பி. என்று விற்பது வாய்ப்புற்றுநோயே இல்லை, அதற்குள் வளர்ந்து நிற்பது ஹீலாதான். இது தெரிந்து பல பத்தாண்டுகள் ஆகியும் கட்டுரைகள் வந்துகொண்டிருக்கின்றன. இப்படி ஆள்மாறிய கலங்களின் பட்டியலை ‘ஐ.சி.எல்.ஏ.சி.’ என்ற சர்வதேசக் குழு இலவசமாக வெளியிடுகிறது. அதைப் பார்த்த பிறகே ஓடர் கொடுங்கள். பக்கத்து ஆய்வுகூடத்தில் சும்மா கிடைக்கும் குப்பியை வாங்காமல், டி.என்.ஏ. அடையாளச் சான்றோடு கொடுக்கும் களஞ்சியத்திலேயே வாங்குங்கள்.

அப்பா 2007இல் சத்திரசிகிச்சை செய்தவர். 2009இல் ஓடினபோது ரிப்போட், கிளினிக் கொப்பி எல்லாம் போச்சு. இப்ப எனக்கு வயிற்றுக் கோளாறு, குடும்ப வரலாறு கேட்கினம். பதிவேட்டில தேடலாமா? (பூநகரி)

தேசியப் பதிவேடு கணக்கெடுப்புக்கானது, தனியாளின் ரிப்போட் அங்கே கிடைக்காது. சத்திரசிகிச்சை நடந்த வைத்தியசாலையின் நோயியல் பிரிவைத்தான் கேட்க வேண்டும். அப்பாவின் முழுப்பெயர், அப்போதைய வயது, ஏறத்தாழ எந்த மாதம் என்பவற்றோடு உங்கள் வைத்தியரின் கடிதத்தையும் கொண்டுபோங்கள். பெரிய பதிவுப் புத்தகம் இருந்தால் அதில் ஒரு வரி கிடைக்கலாம், புளொக்கும் இருந்தால் மறுபடி வெட்டிப் பார்க்கலாம். கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. எந்த உறுப்பு, எத்தனை வயதில், அப்பாவின் சகோதரங்களில் யாருக்கு என்ன என்று மாமிமார், சித்தப்பாமாரிடம் கேட்டு எழுதிக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். அப்பாவுக்கு 50 வயதுக்கு முன்னர் குடலில் வந்திருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். எழுதியதைப் படமெடுத்துக் குடும்பத்தில் எல்லோருடைய போனிலும் போட்டுவையுங்கள்.

நாங்கள் ஊர்ச்சங்கமாகக் காசு சேர்த்து வன்னி வைத்தியசாலை ஒன்றுக்கு மைனஸ் 80 பாகை குளிர்ப்பெட்டி அனுப்ப விரும்புகிறோம். (ரொறொன்ரோ)

உங்கள் மனதுக்கு நன்றி. ஆனால் இப்போது அனுப்பாதீர்கள். 2012இல் பொஸ்டனுக்குப் பக்கத்தில் மூளை இழையக் களஞ்சியம் ஒன்றில் ஒரு குளிர்ப்பெட்டி பழுதானது, எச்சரிக்கை மணியும் அடிக்கவில்லை. ஓட்டிசம் ஆய்வுக்கென்று வருடக்கணக்காகச் சேர்த்த மூளைகள் உருகிப்போயின. அவ்வளவு வசதியுள்ள இடத்திலேயே அப்படி. இங்கே கரண்ட் போனால் ஜெனரேற்றர் வேண்டும், அதற்கு டீசல் வேண்டும், இரவில் ஓடிவர ஒரு ஆள் வேண்டும், கொம்பிரசர் பழுதானால் கொழும்பிலிருந்து ஆள் வரவேண்டும்.

அதே காசில் புளொக்குகளை இலக்கப்படி அடுக்க இரும்பு அலுமாரிகள் வாங்கலாம், சரியான போமலினும் அகன்ற வாய்ப் போத்தல்களும் சுற்றியுள்ள வைத்தியசாலைகளுக்குக் கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளியின் பதிவை முழுமையாக எழுதி, ஆறு மாதத்துக்கொருமுறை போன் எடுத்து “எப்படி இருக்கிறியள்” என்று கேட்டுப் பதியும் ஒருவருக்கு மூன்று வருடச் சம்பளம் கொடுக்கலாம். இழையம் இருந்தும் அந்த நோயாளிக்குப் பின்னர் என்ன நடந்தது என்று தெரியாவிட்டால் ஆய்வாளருக்கு அது பாதிப் பயன்கூடத் தராது. வைத்தியசாலைப் பணிப்பாளரிடமும் மாகாண சுகாதாரத் திணைக்களத்திடமும் எழுத்தில் அனுமதி எடுத்துவிட்டு இந்த வேலையைத் தொடங்குங்கள். யாரிடம் முதலில் பேசுவது என்று தெரியாவிட்டால் எனக்கு எழுதுங்கள், கடிதத்தை எழுத நானே உதவுகிறேன்.