எதைச் சோதிக்க மாட்டீர்கள்?

கேள்வி: சோழிங்கநல்லூரில் ஒரு சின்ன கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டராக இருக்கிறேன். வெளிநாட்டு கிளையன்ட் 'ஐ ட்ரிபிள் ஈ 829 முறைப்படி டெஸ்ட் பிளான் கொடுங்கள்' என்கிறார். லீடோ பழைய டெம்பிளேட் ஒன்றை அனுப்பி, பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடு என்கிறார். 40 பக்கம் சார், இதை யாராவது படிப்பார்களா?
- வாசகி, மேடவாக்கம்

பதில்: பெயரை மட்டும் மாற்றினால் படிக்க மாட்டார்கள். நானும் ஒருமுறை அப்படிக் கொடுத்து மாட்டியிருக்கிறேன். பழைய கிளையன்ட்டின் பெயர் 17-ஆம் பக்கத்தில் அப்படியே இருந்தது, அந்த ஒரு பக்கம் மட்டும் எப்படித்தான் அவர் கண்ணில் பட்டதோ!

முதலில் 829 என்பதே பழைய சரக்கு. சாஃப்ட்வேர் சோதனை ஆவணங்களை எப்படி எழுதுவது என்று ஐ ட்ரிபிள் ஈ என்ற பொறியாளர் அமைப்பு போட்ட தர வரையறை அது. 1983-ல் வந்து, 1998-லும் 2008-லும் திருத்தப்பட்டு, 2013-ல் ஐ.எஸ்.ஓ. 29119 என்ற சர்வதேச தர வரையறையின் மூன்றாம் பாகத்துக்கு இடம் விட்டுவிட்டது. அதற்கும் 2021-ல் புதுப் பதிப்பு வந்தாயிற்று. பழக்கதோஷத்தில் 829 என்பவர்கள் உண்டு, அதனால் எந்தப் பதிப்பு வேண்டும் என்று ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள். 29119-இல் நம் வேலைக்குத் தேவையானதை மட்டும் வைத்துக்கொள்ளலாம், எதை ஏன் விட்டோம் என்று எழுதிவிட வேண்டும், அவ்வளவுதான். 40 பக்கம் வேண்டும் என்று இரண்டிலுமே இல்லை.

1998 பதிப்பில் டெஸ்ட் பிளானுக்கு 16 தலைப்புகள். அட்டவணை, பொறுப்புகள் மாதிரியானவை தானாக நிரம்பிவிடும். நான் முதலில் புரட்டிப் பார்ப்பது 'சோதிக்கப்படாத அம்சங்கள்' பகுதியைத்தான், பெரும்பாலும் அங்கே ஒரு கோடு போட்டு விட்டிருப்பார்கள். கரண்ட் பில் கட்டும் ஆப் என்று வையுங்கள். 'பணம் கட்டும் பக்கத்தைப் போலி கேட்வே (பணம் செலுத்தும் இணைப்பு) வைத்துச் சோதிப்போம், வங்கிப் பக்கம் நடப்பதைச் சோதிக்க மாட்டோம், இந்த ரிலீஸில் ஐபோன் கிடையாது' என்று எழுதி வைத்தால், ரிலீஸ் அன்று ராத்திரி 11 மணிக்கு 'ஐபோனில் ஏன் பார்க்கவில்லை' என்று யாரும் உங்களைப் பிடிக்க முடியாது.

அடுத்தது, சோதனையை எப்போது நிறுத்துவீர்கள் என்பது. 'லாகினே ஓடாத பில்ட் (சோதிக்கத் தரும் ஆப் பதிப்பு) வந்தால் நிறுத்துவோம். அடுத்த பில்டில் ஸ்மோக் டெஸ்ட் (முக்கிய வேலைகள் ஓடுகின்றனவா என்ற முதல்கட்டச் சோதனை) பாஸ் ஆன பிறகே தொடர்வோம்.' இந்த வரி இல்லாவிட்டால் உடைந்த பில்டோடு இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டு, தாமதத்துக்கும் நீங்களே பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்புறம் டெஸ்ட் கேஸில், அதாவது ஒவ்வொரு சோதனைக்குமான குறிப்பில், எதிர்பார்க்கும் விளைவு என்ற இடத்தில் 'சரியாக வேலை செய்ய வேண்டும்' என்று தயவுசெய்து எழுதாதீர்கள். 'தவறான ஓடிபியை 3 முறை போட்டால் கணக்கு 30 நிமிடம் பூட்டப்பட வேண்டும்' என்று எழுதினால்தான் புதிதாக வந்த ஒருவர்கூட பாஸா ஃபெயிலா என்று சொல்ல முடியும்.

கையெழுத்து வாங்கும் மீட்டிங்கில் அந்தச் சோதிக்கப்படாதவை பட்டியலை மட்டும் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். 'ஐயோ, ஐபோன் வேணுமே!' என்று ஒரு குரல் வந்தால், உங்கள் பிளானை ஒருவராவது கேட்டிருக்கிறார்.