நோட்டில் இருக்கும் வார்த்தை நாக்குக்கு வர…

கேள்வி: நாகர்கோவிலில் நர்ஸாக இருக்கிறேன். ஜெர்மனிக்கு வேலைக்குப் போவதற்காக ஜெர்மன் படிக்கிறேன், இப்போது பி1 என்ற நடுத்தர நிலை. ஆயிரம் வார்த்தைக்கு மேல் நோட்டில் எழுதி மனப்பாடம் செய்துவிட்டேன். பேசச் சொன்னால் மட்டும் ஒன்றும் வருவதில்லை. கூடப் படிக்கும் தோழிகள் மூன்று பேர், சேர்ந்து உட்கார்ந்து ஜெர்மனில் பேசிப் பழகலாம் என்கிறார்கள். நாலு பேருமே அரைகுறை. ஒருத்தி தப்பை இன்னொருத்தி கற்றுக்கொண்டால் என்ன செய்வது?

பதில்: தயங்காமல் போய் உட்காருங்கள், தங்கையே. வார்த்தையைப் பார்த்ததும் அர்த்தம் தெரிவது ஒரு பழக்கம். தேவைப்படும் நொடியில் அதை எடுத்துச் சொல்வது வேறு பழக்கம். நோட்டு முதலாவதை மட்டும்தான் தரும். இரண்டாவதற்கு எதிரே ஆள் வேண்டும்.

என் வகுப்பில் நடந்தது இது. வார்டில் இருக்கும் பொருட்களைப் பற்றி நாலு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்ணுக்குக் காயத்துக்குப் போடும் கட்டுக்கு வார்த்தை வரவில்லை. தமிழுக்குத் தாவாமல், "லாங்… வைஸ்… ஃப்யூர் தீ ஹாண்ட்" என்று மணிக்கட்டைச் சுற்றிச் சுற்றிக் காட்டினாள். நீளம், வெள்ளை, கைக்கு. பக்கத்திலிருந்தவள் "ஃபெர்பான்ட்!" என்று கத்தினாள். நோட்டில் பலமுறை எழுதியும் நிற்காத வார்த்தை, அன்றோடு நின்றுவிட்டது. தேடித் தவித்து, தவிப்பின் நடுவே கிடைத்ததல்லவா!

ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். அன்று படித்ததில் எட்டு வார்த்தை, பேச ஒரு தலைப்பு, அது போதும். படித்த அன்று மாலையே பேசுங்கள். ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எப்பிங்ஹவுஸ் தன்னையே சோதித்துப் பார்த்து 1885-ல் எழுதியது இன்றும் நிற்கிறது: படித்து முடித்த முதல் சில மணி நேரத்தில்தான் மறதி மிக வேகம். மூன்று நாள் கழித்து அதே எட்டையும் வேறு தலைப்பில் இழுத்து வாருங்கள். தமிழ் பேசக் கடைசி ஐந்து நிமிடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பத்தாவது நிமிடமே வீட்டுக்கதை தொடங்கிவிடும்.

தப்பைப் பற்றிய உங்கள் பயத்தில் பாதி நியாயம். சந்தேகங்களைத் துண்டுச்சீட்டில் குறித்து ஆசிரியரிடம் கேட்டால் பெரும்பாலானவை சரியாகிவிடும். சரியாகாதது ஒன்று உண்டு. கரண்டி 'தேர் லொஃபெல்', முள்கரண்டி 'தீ காபெல்', கத்தி 'தாஸ் மெஸர்'. 'தேர்' ஆண்பால், 'தீ' பெண்பால், 'தாஸ்' இரண்டுமற்ற பால். ஒரே சாப்பாட்டு மேஜையில் மூன்று பால்! பேச்சில் இதை மாற்றிச் சொன்னாலும் தோழிக்குப் புரிந்துவிடும், அதனால் யாரும் திருத்த மாட்டார்கள். தப்பு அப்படியே ஊறிப்போகும். ஆகவே பாலை மட்டும் நோட்டிலேயே, வார்த்தையோடு ஒட்டவைத்துப் படித்துவிட்டுப் போங்கள்.

கோத்தே இன்ஸ்டிட்யூட் என்ற ஜெர்மன் மொழி நிறுவனம் நடத்தும் பி1 பேச்சுத் தேர்வின் முதல் பகுதியே, இரண்டு பேர் சேர்ந்து எதையாவது திட்டமிடுவதுதான். அதையே முதல் நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும் தோழியைப் பார்க்கப் போகிறீர்கள்: எப்போது, எந்த பஸ்ஸில், பூவா பழமா? பழம் வேண்டாமென்று ஒருத்தி கட்டாயம் மறுக்க வேண்டும், காரணத்தோடு.