மெயின்.சிஎஃப் கோப்பில் மாற்றியும் மாறவில்லையா?

போஸ்ட்ஃபிக்ஸ் மெயில் சர்வரில் சரிபார்ப்பு அமைப்புகளை மாற்றியும் பலனில்லை என்று வந்த கேள்விகளில் நான்கு. அதன் பொது அமைப்புகள் மெயின்.சிஎஃப் கோப்பிலும், ஒவ்வொரு சேவைக்குமான அமைப்புகள் மாஸ்டர்.சிஎஃப் கோப்பிலும் இருக்கும்.

கேள்வி: மெயின்.சிஎஃப் கோப்பில் சாஸல் சரிபார்ப்புக்கு (மெயில் அனுப்புபவரின் லாகினைச் சரிபார்க்கும் முறை) 'யெஸ்' கொடுத்து ரீலோடும் செய்துவிட்டேன். 587 போர்ட்டில் மட்டும் லாகின் நடக்கவில்லை.

பதில்: 'மட்டும்' என்கிறீர்களே, விடை அதில்தான் இருக்கிறது. மாஸ்டர்.சிஎஃப் கோப்பைத் திறந்து 'சப்மிஷன்' வரிக்குக் கீழே பாருங்கள்; 587 போர்ட்டின் சேவை அதுதான். '-ஓ' என்று தொடங்கும் வரிகளில் எழுதியிருப்பதே அந்தச் சேவைக்குச் செல்லும். அங்கே 'நோ' இருந்தால் மெயின்.சிஎஃப் சொல்வது எடுபடாது.

கூடவே, வரியின் தொடக்கத்தில் உள்ள இடைவெளியையும் கவனியுங்கள். அப்படித் தொடங்கும் வரியை போஸ்ட்ஃபிக்ஸ் முந்தைய வரியின் தொடர்ச்சியாகவே படிக்கும். 'சப்மிஷன்' வரியைச் செயல்படாமல் வைக்கும் # குறியை எடுக்காமல் '-ஓ' வரிகளில் மட்டும் எடுத்தால், அவை மேலே உள்ள வேறொரு சேவையோடு ஒட்டிக்கொள்ளும். மெயின்.சிஎஃப் கோப்புக்கும் இதே விதிதான். தவறி விழுந்த ஓர் இடைவெளியைத் தேடி இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்திருக்கிறேன். கண்ணுக்கு இரண்டு வரிகள், சர்வருக்கு ஒன்று. அன்றிலிருந்து கோப்பைப் படித்துப் பார்த்து முடிவு செய்வதில்லை. 'போஸ்ட்கான்ஃப்' கட்டளையோடு சிறிய 'என்' சேர்த்தால் மெயின்.சிஎஃப் எப்படிப் படிக்கப்பட்டிருக்கிறது என்று தெரியும். பெரிய 'பி' சேர்த்தால் மாஸ்டர்.சிஎஃப் செய்யும் மாற்றங்கள் தெரியும். முதலில் இவை இரண்டையும் ஓட்டுங்கள்.

கேள்வி: எங்கள் மெயிலை வாங்கி வெளியே அனுப்பும் ரிலே சர்வரின் பாஸ்வேர்டை அட்டவணைக் கோப்பில் மாற்றி எழுதினேன். இன்னும் பழையதையே அனுப்புகிறது.

பதில்: 'ஹேஷ்' வகை அட்டவணையானால், நீங்கள் திருத்திய உரைக்கோப்பை போஸ்ட்ஃபிக்ஸ் படிப்பதில்லை, அதிலிருந்து உருவான .டிபி கோப்பையே படிக்கிறது. 'போஸ்ட்மேப்' கட்டளையை மீண்டும் ஓட்டுங்கள். இரண்டு கோப்புகளிலும் பாஸ்வேர்ட் அப்படியே இருப்பதால், அனுமதி 600 ஆக (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) இருக்கட்டும்.

கேள்வி: டெல்நெட் வழியாக 587 போர்ட்டில் இணைந்து 'இஹெச்எல்ஓ' (சர்வரின் வசதிகளைக் கேட்கும் கட்டளை) கொடுத்தேன். பதிலில் லாகின் வசதியைக் காட்டும் 'ஆத்' வரியே இல்லை.

பதில்: பெரும்பாலும் கோளாறு எதுவும் இருக்காது. டிஎல்எஸ் மறையாக்கம் இல்லாமல் லாகின் கூடாது என்று அமைத்திருந்தால், அதைத் தொடங்கும் 'ஸ்டார்ட்டிஎல்எஸ்' முடியும் வரை அந்த வரி வராது. டெல்நெட்டை விட்டு, ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 'எஸ்_கிளையன்ட்' மூலம் சோதியுங்கள். சோதனை எளிதாக வேண்டும் என்று அந்த அமைப்பை மட்டும் தளர்த்திவிடாதீர்கள். பாஸ்வேர்ட் மறையாக்கம் இல்லாமல் வெளியே போகும்.

கேள்வி: டிஎன்எஸ்ஸில் புதிய எஸ்பிஎஃப் பதிவை (எங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்பலாம் என்ற சர்வர்களின் பட்டியல்) சேர்த்தேன். இப்போது சரிபார்ப்பு 'பெர்ம்எரர்' (நிரந்தரப் பிழை) என்று வருகிறது.

பதில்: பழையதை நீக்கினீர்களா? ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இந்தப் பிழைதான் வரும். இரண்டையும் ஒரே வரியாக்குங்கள். பழைய பதிவின் டிடிஎல் (பிற சர்வர்கள் அதை நினைவில் வைத்திருக்கும் நேரம்) 3600 நொடிகள் என்றால், மாற்றம் எல்லா இடங்களிலும் தெரிய ஒரு மணி நேரம்வரை ஆகலாம். அதற்குள் மறுபடி மாற்ற வேண்டாம்.